உடம்பில் சேர்ந்த உலோகத்தை இயற்கைப் பொருட்கள் வெளியேற்றுமா?

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்பது அதன் பெயர். மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் துருவாக, தண்ணீரில் கரையாத வடிவில் கிடக்கிறது. அதைக் கரைத்து எடுத்துக்கொள்வதற்காக இந்த பாக்டீரியா ஒரு கரிமச் சேர்மத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. அந்தச் சேர்மம் இரும்பு அணுவை ஆறு இடங்களில் பிடித்துக்கொண்டு கரைசலுக்குள் இழுத்து வந்துவிடும். 1960 வாக்கில் சுவிட்சர்லாந்தில் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்து வந்த மருந்துதான் டெஸ்ஃபெரியாக்சமின்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. உடம்போ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் இரும்பைத்தான் இழக்கும். கூடுதலாக வருவதை வெளியேற்ற அதனிடம் வேறு வழியே இல்லை. அந்த இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படியும். ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகள் பதின்ம வயதைத் தாண்டாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதயத்தில் படிந்த இரும்பு. டெஸ்ஃபெரியாக்சமின் வந்த பிறகு நிலைமை மாறியது. வயிற்றுத் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி, அதோடு இணைந்த சிறிய பம்ப், இரவு முழுக்க 8 முதல் 12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்து. வாரத்தில் ஐந்து நாளாவது இப்படிப் போட வேண்டும். காலையில் சிறுநீர் செந்நிறமாக வரும். பிடிபட்ட இரும்பு வெளியே போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இப்போது விழுங்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. ஆனாலும் இந்த மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. சத்து மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து அள்ளி விழுங்கிவிட்ட குழந்தைக்கும் இதைத்தான் ஏற்றுவார்கள்.

ஆக, இயற்கையில் உருவாகும் ஒரு கரிமச் சேர்மம் உலோக நஞ்சுக்கு மருந்தாக முடியுமா என்றால், முடியும். அப்படியானால் கொத்தமல்லி, பூண்டு, மஞ்சள் எல்லாம்? வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கழிவுநீக்கச் சாறு' குறிப்புகளை நம்பலாமா? இதற்குப் பதில் சொல்ல, உலோகம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உலோகம் எங்கே போய் உட்காருகிறது

நாம் பேசப்போவது முக்கியமாக ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய நான்கு. இங்கே ஈயம் என்றால் காரீயம். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.

இந்த நான்குக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: கந்தக அணுவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நம் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களிலெல்லாம் கந்தகம் இருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் உருவாக ஒரு நொதி வேண்டும். அந்த நொதியின் மையத்தில் துத்தநாக அணு ஒன்றை மூன்று கந்தக அணுக்கள் பிடித்து வைத்திருக்கும். ஈயம் உள்ளே வந்தால் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நொதி நின்றுபோகும். ஈய நஞ்சில் ரத்தசோகை வருவதற்கு இது ஒரு காரணம். ஈயம் இன்னொரு வேலையும் செய்யும். கால்சியம் போகும் வழிகளில் கால்சியம்போலவே புகுந்து மூளையையும் எலும்பையும் அடையும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் புகுந்த ஈயம் பாதியாக வருடக்கணக்கில், பல சமயம் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆகவே மருந்து செய்ய வேண்டிய வேலை, புரதத்திடமிருந்து உலோகத்தைப் பறிப்பது. பறிக்க வேண்டுமானால் புரதத்தைவிட உறுதியாகப் பிடிக்க வேண்டும். ஒற்றை அணுவால் பிடித்தால் எளிதில் நழுவிவிடும். ஒரே மூலக்கூறு இரண்டு, நான்கு, ஆறு இடங்களில் பிடித்தால் உலோகம் சுலபத்தில் தப்பாது. நண்டு தன் கொடுக்குகளால் கவ்விக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வேதியியலில் இதைக் கொடுக்கிணைப்பு அல்லது கீலேஷன் என்கிறார்கள். இப்படிப் பிடிக்கும் பொருளுக்குக் கொடுக்கிணைப்பி என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் குழுவினர் இந்த யோசனையை நேரடியாகவே மருந்தாக்கினார்கள். ஆர்சனிக் கலந்த லூயிசைட் என்ற விஷ வாயுவுக்கு முறிவு மருந்து தேடியபோது, அடுத்தடுத்து இரண்டு கந்தகம் கொண்ட ஒரு சின்ன மூலக்கூறைச் செய்தார்கள். அதுதான் டைமெர்காப்ரால். கடுமையான ஆர்சனிக், ஈய நஞ்சுக்கு இன்றைக்கும் இது பயன்படுகிறது. கடலை எண்ணெயில் கரைத்துத் தசைக்குள் ஆழமாகப் போடுகிற, நன்றாக வலிக்கிற ஊசி. கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இயற்கையிலிருந்து வந்த இன்னொரு மருந்து பெனிசிலமின். பெனிசிலின் உடம்புக்குள் சிதையும்போது உண்டாகும் துண்டு இது. ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பெனிசிலின் எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரில் இதைக் கண்டிருந்தார். பிறகு இதன் அமைப்பைப் பார்த்து, இது செம்பைப் பிடிக்குமே என்று யோசித்து, உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய்க்கு 1956-ல் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த நோய் வந்தால் பிழைப்பது கடினம். பூஞ்சையிடமிருந்து வந்த ஒரு துண்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது.

பாக்டீரியாக்களின் இரும்புப் பிடிப்பிகளை முன்மாதிரியாக வைத்து அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான ஒரு சேர்மம் புளூட்டோனியம் போன்ற கதிரியக்க உலோகங்களைப் பிடிக்கிறது. வாய்வழியாக எடுத்துக்கொள்ளும் அந்த மாத்திரையின் முதல் மனிதச் சோதனை 2023-ல் தொடங்கியது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருவது இந்த வழிதான்: இயற்கையின் மூலக்கூறை அப்படியே அரைத்துக் குடிக்காமல், அது எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டு மருந்து செய்வது.

பிடித்தால் மட்டும் போதுமா?

போதாது. பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் வாசகரைக் கைவிட்டுவிடுகின்றன.

காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பிலேயே இதற்கு அருமையான ஒரு பிடிப்பி இருக்கிறது. மெட்டலோதயோனின் என்று பெயர். 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்தார்கள். அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், அதில் 20 சிஸ்டீன். ஏழு உலோக அணுக்களை ஒரே சமயத்தில் பிடித்து வைக்கும். காட்மியம் வந்தால் இந்தப் புரதம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் உடனடிச் சேதம் குறையும். ஆனால் வெளியே தள்ளாது. காட்மியம் சிறுநீரகத்திலேயே 10 முதல் 30 வருடம் தங்கிவிடும். ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு சிறுநீரகம் கெட்டு எலும்பு தானாக முறிந்தது. வலி தாங்காமல் அவர்கள் அலறியதே அந்த நோய்க்குப் பெயராகிவிட்டது: இட்டாய் இட்டாய். அவர்கள் உடம்பிலும் மெட்டலோதயோனின் இருந்தது.

எனவே ஒரு நல்ல பிடிப்பி குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போக வேண்டும். உலோகம் இருக்கும் இடத்தை அடைய வேண்டும். பிடித்ததைச் சிறுநீர் வழியாகவோ மலம் வழியாகவோ வெளியே கொண்டுபோக வேண்டும். வழியில் கைவிட்டு வேறு உறுப்பில் கொட்டிவிடக் கூடாது. டைமெர்காப்ராலை மீத்தைல் பாதரச நஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: விலங்குச் சோதனைகளில் அது பாதரசத்தை மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நல்ல உலோகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. நமக்குக் கால்சியம், துத்தநாகம், இரும்பு, செம்பு எல்லாம் வேண்டும். ஈடிடிஏ என்ற கொடுக்கிணைப்பியில் இரண்டு வகை உண்டு. ஈய நஞ்சுக்குக் கொடுப்பது கால்சியம் ஏற்கெனவே சேர்ந்த வகை. கால்சியம் சேராத வகையை ஏற்றினால் அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் கீலேஷன் சிகிச்சையால் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. இரண்டு பேர் குழந்தைகள். அதில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டிசத்துக்காக என்று இந்தச் சிகிச்சை கொடுத்திருந்தார்கள். ஆட்டிசத்துக்குக் கீலேஷன் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நம் ஊரில் குழந்தைக்கு இப்படி ஒரு சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால் தயவுசெய்து இந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள்.

சமையலறைப் பொருட்கள்

சரி, இப்போது பூண்டுக்கு வருவோம். பூண்டு நசுக்கும்போது வரும் அந்தக் கார நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக அல்லிசின். கந்தகம் என்றதுமே ஈயத்தோடு சேருமே என்று தோன்றும். ஈரானின் மஷ்ஹத் நகரில் கார் பேட்டரி தொழிற்சாலையில் வேலை பார்த்த 117 பேரிடம் இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பூண்டு மாத்திரை, இன்னொன்றுக்குப் பெனிசிலமின், நான்கு வாரம். பூண்டு எடுத்தவர்களுக்கு ரத்த ஈயம் டெசிலிட்டருக்குச் சுமார் 43 மைக்ரோகிராமிலிருந்து 35-க்கு இறங்கியது. பெனிசிலமினும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறக்கியது. தலைவலி, எரிச்சல் போன்ற தொல்லைகளும் பூண்டு எடுத்தவர்களிடம் குறைந்தன.

நல்ல செய்திதான், நான் இதை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் குறைந்த அளவில் எவ்வளவு பூண்டினால், எவ்வளவு தானாகவே என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய அளவில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, யாராவது செய்து பார்க்க வேண்டிய ஆய்வு இது. ஈய வேலை செய்யும் தொழிலாளர்கள் அதிகம் உள்ள நம் நாட்டிலேயே செய்யலாம்.

போலி மருந்துக் குழு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொத்தமல்லியே சாட்சி. கொத்தமல்லி பாதரசத்தை வெளியேற்றும் என்ற பேச்சு 1990-களில் ஒரு சிலரிடம் பார்த்ததை வைத்துக் கிளம்பியது. பிறகு ஈரானில் ஈயம் கலந்த சூழலில் வாழ்ந்த 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் கொத்தமல்லிச் சாறு கொடுத்தார்கள், வேறு சில குழந்தைகளுக்குப் போலிச் சாறு. கொத்தமல்லி குடித்த குழந்தைகளுக்கு முன்னேற்றம் தெரிந்தது. போலிச் சாறு குடித்தவர்களுக்கும் அதே முன்னேற்றம். சாப்பாடு, கவனிப்பு எல்லாம் கொஞ்சம் சீரானதே காரணமாக இருக்கலாம். கொத்தமல்லிக் குழுவை மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் உலோகத்தைப் பிடிக்கக்கூடியது. சோதனைக் குழாயில் பிடிக்கிறது, எலிகளிலும் பலன் காட்டியிருக்கிறது. ஆனால் குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது, போனதும் கல்லீரலில் சீக்கிரம் மாறிவிடுகிறது. அப்புறம் எலி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பலவற்றில் உலோகத்தையும் மூலிகையையும் ஒரே சமயத்தில், அல்லது மூலிகையை முன்னதாகவே கொடுத்திருப்பார்கள். அப்போது குடலிலேயே உலோகத்தைப் பிடித்து உள்ளே போகாமல் தடுத்திருக்கலாம். பத்து வருடமாகப் பழைய பேட்டரியை உருக்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் எலும்பில் இருக்கும் ஈயத்தை எடுப்பது வேறு கதை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல மூலிகைச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கும். உலோகம் உண்டாக்கும் காயத்தை அது ஓரளவு ஆற்றலாம். ஆனால் உலோகம் அங்கேயே இருக்கும். சேதத்தைக் குறைப்பதும் உலோகத்தை வெளியேற்றுவதும் ஒன்றல்ல. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள்.

தேநீரில் உள்ள டானின்களும் உலோகம் பிடிப்பவைதான். அவை உணவில் உள்ள இரும்பைப் பிடித்து, உடம்புக்குக் கிடைக்கவிடாமல் செய்யும். இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும், ஏனென்றால் இரண்டும் ஓரளவுக்கு ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. அதனால் குழந்தைகளுக்குச் சாப்பிட்டவுடன் டீ கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்து நிரூபித்த ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் ஃபோலேட்டைத்தான் சொல்வேன். கீரையிலும் பயறுகளிலும் இருக்கும் பி வைட்டமின். இது எந்த உலோகத்தையும் கவ்விப் பிடிக்காது. ஆர்சனிக்கை நம் கல்லீரல் மீத்தைல் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சின்னத் துண்டு) சேர்த்துத்தான் சிறுநீருக்கு அனுப்புகிறது, அந்த மீத்தைல் தொகுதி கிடைக்க ஃபோலேட் வேண்டும். ஆழ்துளைக் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் கலந்த பங்களாதேஷில், ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு 12 வாரம் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் ஆர்சனிக் சுமார் 14 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 2.5 சதவீதம்தான். இத்தனைக்கும் நாள்பட்ட ஆர்சனிக் பாதிப்புக்கு மேற்கு வங்கத்தில் டிஎம்எஸ்ஏ என்ற பெயர்பெற்ற கொடுக்கிணைப்பியைச் சோதித்தபோது அது போலி மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. உடம்பின் சொந்த வழிக்குத் தேவையானதைக் கொடுத்தது, வெளியிலிருந்து பிடிப்பியை அனுப்பியதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

வரும் வழியை அடைக்காமல்

டிஎம்எஸ்ஏ குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் நல்ல மருந்து. ரத்த ஈயம் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த ஈயம் குறைந்தது. மூன்று வருடம் கழித்து அறிவுத்திறன் சோதனை வைத்தபோது மருந்து எடுத்த குழந்தைகளுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மூளைக்கு நடந்த சேதத்தை மருந்தால் திருப்பி எடுக்க முடியவில்லை. உலகத்தில் நாம் வைத்திருக்கும் நல்ல மருந்துகளில் ஒன்றின் நிலை இது. இதைப் படித்துவிட்டு ஒரு சாறு எல்லாவற்றையும் சரி செய்யும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்த ஈயம் 5 மைக்ரோகிராமை எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. கால்சியம், இரும்புச் சத்து குறைந்த குழந்தைகளுக்கு அதே அளவிலிருந்தே அவற்றைக் கொடுக்கச் சொல்கிறது. குழந்தைகளுக்கு 45-ஐத் தொட்டால் கொடுக்கிணைப்பு மருந்து.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு மஞ்சளே ஓர் உதாரணம். பங்களாதேஷில் மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசி விற்றார்கள். அதில் ஈயம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் இதை வெளிப்படுத்தினார்கள், அரசு ஆலைகளில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, பத்திரிகைகள் எழுதின. அந்த வருடம் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்த ஈயமும் இறங்கியது.

சில பாரம்பரிய மருந்துகளும் மூலமாக இருக்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை 2004-ல் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. செந்தூரம், பற்பம் போன்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், காரணம் தெரியாமல் ரத்தசோகையும் வயிற்றுவலியும் இருக்கும்போது இந்த ஒரு தகவல் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

வீட்டில் யாராவது பேட்டரி உருக்குதல், பழைய பெயின்ட் சுரண்டுதல், ஈயப் பற்றவைப்பு போன்ற வேலை செய்தால், வேலை உடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் குளித்துவிட்டு வருவது குழந்தைகளைக் காக்கும். விழுங்கிய ஈயத்தை உறிஞ்சுவதில் சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக உறிஞ்சும், ஆகவே காலை உணவைத் தவறவிடக் கூடாது.

சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஈயத்துக்கு முழு ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்து, பிறகு சிறுநீரைப் பரிசோதித்து, 'உங்கள் உடம்பில் இவ்வளவு உலோகம்' என்று காட்டும் இடங்களுக்குப் போகாதீர்கள். அந்த மருந்து கொடுத்தால் நலமாக இருப்பவர் சிறுநீரிலும் உலோகம் கூடுதலாக வரும், அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அளவுகோல் எதுவும் இல்லை. அளவு கூடுதலாக வந்தால் ஈயத்தில் வேலை செய்பவரை மட்டுமல்ல, அதே வீட்டில் உள்ள குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.